எங்க போவணும்?

கோமுகி அணையில் படகு விட்ட தைலம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. எதிரே யார் வந்தாலும் "எங்க போறீங்க?" என்று கேட்டுவிடுவாள். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவரை அப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் கேட்பாள். கோர்ட்டுக்குப் போன ஒரு மிராசுதார் கேஸ் தோற்றதற்கு வக்கீலைத் திட்டவில்லை, தைலம்மாளைத்தான் திட்டினார். பாவம், வக்கீல் தப்பித்தார்.

களையெடுக்கவும் கரும்பு வெட்டவும் போய்க்கொண்டிருந்தவள், அணையில் மீன் குத்தகை எடுத்திருந்த ஆதிமூலத்திடம் வலை இழுக்க வந்து, அப்படியே துடுப்புப் போடக் கற்றுக்கொண்டாள். கோடையில் கள்ளக்குறிச்சியிலிருந்து அணை பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றி ஒரு சுற்று காட்டிவிட்டு வருவாள். வெயிலில் குனிந்தே கிடந்தவளுக்கு நிமிர்ந்து உட்கார்ந்து செய்கிற வேலை அதுதான். அந்தத் துடுப்பின் மேல் அவளுக்கு உயிர். ஆதிமூலமோ கறாராகச் சொல்லியிருந்தார்: "இன்னொரு வாட்டி உன் வாயப் பத்தி எவனாச்சும் பிராது சொன்னான்னா, துடுப்ப வச்சிட்டு களையெடுக்கப் போய்டணும்."

அது இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த எண்பத்தாறாம் வருஷத்துக் கோடை. மறியல் நாளும் என் கல்யாண நாளும் ஒன்றாக வந்து தொலைந்தன. மலையடிவாரத்தில் எங்கள் ஊர். வடக்கனந்தலில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல். விடிந்தால் ரோட்டில் குறுக்கே புளியமரம் கிடக்கிறது. வெட்டிப் போட்டவன் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அண்ணன்தான். "போராட்டம் வேற, கல்யாணம் வேற. நடந்து போங்க" என்றான். பட்டுப்புடவையில் நான் நடக்கவா? எனக்கு வந்த கோபத்தில் அந்த மரத்தை நானே தூக்கி அவன் தலையில் போட்டிருப்பேன்.

என் தாய்மாமன் அரங்கநாதன்தான் அணைப்பக்கம் கையைக் காட்டினார். அந்த வருஷம் மலையில் கோடைமழை கொட்டியதில் அணை நிறைந்து கிடந்தது. அம்மா, மாமன், தாம்பாளத்தோடு நாலைந்து பெண்கள், நான் எல்லோரும் ஓடினோம். கரையில் தைலம்மாள் படகோடு நின்றாள். மாலையும் கழுத்துமாக என்னைப் பார்த்ததும் அவள் வாய் திறந்தது. உடனே முந்தானையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிற இடத்தை நாங்களாகச் சொல்கிற வழக்கமும் இல்லை. ஏறி உட்கார்ந்தோம், படகு நகர்ந்தது.

அதுவரை நான் படகில் ஏறியதே இல்லை. கல்வராயன் மலை தண்ணீரில் தலைகீழாக நிற்கிறது. காற்று மாலையைப் பிய்க்கிறது. நீர்க்காகம் ஒன்று படகுக்கு முன்னால் முங்கி, எங்கோ தள்ளி எழுந்து எங்களைத் திரும்பிப் பார்க்கிறது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். கல்யாணத்தையே மறந்துவிட்டேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் முறைப்பார்.

மாமன்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா, அம்மன் கோயிலு கிட்ட வந்துக்கினு இருக்குது?"

தைலம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "கோயில்ல தானே தாலி கட்டு?"

"வடக்கனந்தல்ல, மாப்பிள்ள வூட்ல!"

எங்கள் பக்கத்துக் கல்யாணம் பாதி நடக்கிற அந்தக் கோயில் இருந்தது மேற்குக் கரை. வடக்கனந்தலுக்குப் போக அணைக்கட்டுப் பக்கம் இறங்க வேண்டும். நடுவில் முழு ஏரி. ராகுகாலம் பிறக்க அதிக நேரமில்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டுத் தொலைக்கக் கூடாதா, பாவி?"

"கேட்டா விளங்காதுன்றீங்க. கேக்கலன்னா இப்படி" என்ற தைலம்மாள் துடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முகூர்த்தம் தவறினால் எனக்குக் கல்யாணம் தள்ளிப்போகும். அவளுக்குத் துடுப்பே போய்விடும். அது எனக்கு அப்போதே புரிந்தது.

படகைத் திருப்பினாள். எதிர்க்காற்று. அவள் தோள்பட்டை இரண்டும் புடைத்தன. எனக்கு உட்கார்ந்திருக்கப் பொறுக்கவில்லை. தேங்காய் பழத்தை அம்மா மடியில் கொட்டிவிட்டு, தாம்பாளத்தைத் தண்ணீரில் விட்டுத் தள்ள ஆரம்பித்தேன். "அடியே, சீர்த் தாம்பாளம்டீ" என்று அலறிய அம்மாவே சற்று நேரத்தில் இன்னொரு தாம்பாளத்தை எடுத்தாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மாமனுக்குத் தாம்பாளம் இல்லை, கையால் தள்ளினார். தண்ணீர் தெறித்துப் பட்டு முழுக்க நனைந்தது. தைலம்மாள் "ஏலோ" என்று குரல் கொடுக்க, நாங்கள் "ஏலேலோ" என்று வாங்க, படகு பறந்தது. தூரத்தில் நாதஸ்வரம் கேட்கக் கேட்க எங்களுக்கு வெறியே பிடித்துவிட்டது.

கரையிறங்கி ஓடினோம். ராகுகாலம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஈரப் புடவையோடு எனக்குத் தாலி ஏறியது. மாப்பிள்ளை கையிலும் தண்ணீர் சொட்டியது.

மறுநாள் மரத்தை அப்புறப்படுத்திவிட்டார்கள், பஸ் ஓடியது. மறுவீட்டுக்குப் படகில்தான் போவேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். மாமியாரும் மாப்பிள்ளையும் கூட வந்தார்கள். கரையில் ஆதிமூலம் துடுப்பைத் தன் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சேதி எட்டிவிட்டது. தைலம்மாள் தள்ளித் தலைகுனிந்து நின்றாள்.

"இவளால முகூர்த்தமே தப்ப இருந்துச்சாமே?" என்றார்.

"இவங்க வாயத் தொறக்காததாலங்க. எங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நேரா போயிருப்போம். நீங்க வாயக் கட்டிப் போட்டுட்டு அவங்கள நோவுறீங்க" என்றேன். கல்யாணமாகி ஒரு நாள் ஆன பெண்ணுக்கு அது அதிகப்பிரசங்கம்தான். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஆதிமூலம் துடுப்பைத் தைலம்மாளிடம் நீட்டினார். "ஏறுறவங்க எல்லாரையும் கேளு. கேட்டுத் தொல."

நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். தைலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எங்க போவணும்?"

"எங்க வூட்டுக்கு" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். மாப்பிள்ளை தண்ணீரைப் பார்த்தார். மாமியார் மெதுவாகக் கேட்டார்: "எது உன் வூடு?"

நேற்று வரைக்கும் எனக்குத் தெரிந்ததுதான்.

தைலம்மாள் துடுப்பைத் தண்ணீரில் போட்டாள். "நீ கரைய மட்டும் சொல்லும்மா. வூட்ட அப்புறமா பாத்துக்கலாம்" என்றாள்.