சின்னத்தங்கத்தின் குழை முறை

சின்னத்தங்கத்துக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று ஊரில் சொல்லுவார்கள். கொஞ்சமா! கணவன் போன பிறகு தனி ஆளாகப் புகையிலைத் தோட்டம் செய்தவளுக்கு வாயும் இல்லாவிட்டால், எங்கள் தென்மராட்சியில் ஒரு வரம்பைக்கூட மிச்சம் வைத்திருக்கமாட்டார்கள்.

புகையிலை நடுமுன் இலையும் கொப்புமாகப் பச்சைக் குழையை வெட்டி மண்ணுக்குள் உரமாகத் தாழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் விளைச்சல் கைக்கு வராது. கோயில் குளத்து மருதமரங்களில் குழை வெட்டுவது வீட்டுக்கு வீடு முறை. ஒருவர் வெட்டி முடித்தால்தான் அடுத்தவருக்குப் போகும். பல வருசம் காத்திருந்து, முப்பத்தாறாம் ஆண்டு மார்கழியில் அவளுக்கு முறை வந்தது. கத்தியோடு போனவள் வெறுங்கையோடு திரும்பினாள். கொப்புக்குக் கொப்பு கொக்குக் கூடு, கூடு நிறையக் குஞ்சு. முன்பெல்லாம் கொப்போடு விழுந்த குஞ்சுகளை நாய் தின்னும். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவோம், அவ்வளவுதான்.

அடுத்த முறைக்காரன் பரமலிங்கம், அவளுடைய பக்கத்துத் தோட்டக்காரன். நீ வெட்டாவிட்டால் விடு, நான் வெட்டுகிறேன் என்று குதித்துக்கொண்டு வந்தான்.

“என்ரை முறை இன்னும் முடியேல்லைத் தம்பி. குஞ்சு பறக்கட்டும், வெட்டுறன்.”

குஞ்சு பறக்கும்போது நடுகைக் காலம் போய்விடும். அது இரண்டு பேருக்கும் தெரியும். ஊர் வழக்கம் அவள் பக்கம் நின்றதால் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. விசர் மனிசி, தன் வயிற்றில் தானே அடிக்கிறாள் என்று திட்டித் தீர்த்தான். எனக்கும் கோபந்தான். அந்தப் புகையிலையை விட்டால் அவளுக்கு வேறு வருமானம் ஏது? ஆள் இல்லாத நேரம் வரம்பில் இருந்து அவள் அழுததை நானே கண்டேன்.

பரமலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. அவள் பேரிலேயே வெட்டிப் போடுகிறேன், முறையாவது கழியட்டும் என்று ஒரு நாள் மத்தியானம் மரத்தில் ஏறினான். போன வேகத்தில் இறங்கி வந்தான். தலையெல்லாம் கொக்கு எச்சம். நாங்கள் சிரித்த சிரிப்பு! அவன் நேரே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் தன் வேலிப் பூவரசில் வெட்டிய குழையைக் கட்டாகக் கொண்டுவந்து அவளுடைய தோட்டத்தில் போட்டான்.

“கிட்டப் போனால் என்னையும் தாய் எண்டு நினைச்சு வாயைத் திறக்குதுகள், அக்கா. அடுத்த முறை என்ரைதானே. அதையும் நீங்களே வைச்சிருங்கோ.”

அவனைப் பார்த்து மற்றவர்களும் வெட்ட, வேலிக்கு வேலி குழை வந்தது. அந்தப் போகம் அவள் தப்பினாள். அவனுக்குப் பின்னால் முறை இருந்தவர்களும் ஒவ்வொருவராக வந்து அதையே சொன்னார்கள். இப்போது குளத்து மரம் முழுவதும் சின்னத்தங்கத்தின் முறைதான். அவள் இன்னும் வெட்டவில்லை.