பரணும் குழியும், அப்பாவின் முழங்காலும்

அப்பா இந்த ஏப்ரலில் போய்விட்டார். பெயர் கஸ்பர். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் தேவாலயப் பங்குச் சபையில் அவர் செய்த வேலைகளைச் சொன்னார்கள். அவருடைய வேட்டைத் துவக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

மன்னாரில் அவர் மான் வேட்டைக்காரர். கோடையில் காடு காய்ந்துவிடும். தண்ணீர் எஞ்சிய மடுக்கரையில் குழி வெட்டி, தழையால் மறைத்து, உள்ளே குந்தியிருப்பார். மான் குடிக்க வரும். மரத்தில் பரண் கட்டிக் காத்திருப்பவர்களை அவர் மதிப்பதில்லை. "கரடிக்குப் பயந்தவன் கட்டுறது" என்பார்.

சண்டை தொடங்கியபோது துவக்கைப் பொலிசில் ஒப்படைக்க வேண்டி வந்தது. கொடுத்துவிட்டு வந்து அன்று முழுவதும் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லுவா. அடுத்த வருடம் லண்டனுக்கு வந்தோம். வால்தம்ஸ்டோவில் மேசை, கட்டில் செய்யும் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. அங்கே ஒருநாள் பலகை அடுக்கு சரிந்து வலது முழங்கால் போனது. பிறகு அந்தக் கால் பாதிதான் மடங்கும். நடப்பார். குந்த முடியாது.

எப்பிங்கைத் தாண்டி திருமதி விட்லொக் என்ற விதவையின் ஆப்பிள் தோட்டம் இருந்தது. செப்டம்பர் சனிக்கிழமைகளில் வால்தம்ஸ்டோவிலிருந்து ஒரு வான் வண்டி நிறையத் தமிழர் பழம் பிடுங்கப் போவோம். வானை ஓட்டுபவர் யோகராஜா, அப்பாவின் தொழிற்சாலை நண்பர். தொண்ணூற்று மூன்றில் அந்த அம்மா புதிதாக நட்ட கன்றுகளை மான்கள் கடித்து முடித்திருந்தன. அப்பா தன் அரைகுறை ஆங்கிலத்தில், "நான் சுடட்டுமா?" என்று கேட்டார். திருமதி விட்லொக் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

லைசன்ஸ் எடுக்க ஒரு வருடம் ஆனது. பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து, துவக்கு வைக்கச் சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்து, அம்மா பொரித்த ரோல்ஸ் இரண்டைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். திருமதி விட்லொக்கின் நிபந்தனை ஒன்றுதான். ஒரு குளிர்காலம். பெப்ரவரி முடியும்போதும் மான்கள் கன்றுகளுக்குள் நின்றால், கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு வேட்டைக் கழகத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிடுவார். சுட அனுமதியுள்ள நிலம் இல்லையென்றால் ரைபிள் வைத்திருக்கக் காரணம் இல்லை. காரணம் இல்லையென்றால் லைசன்ஸ் இல்லை. ஏற்கெனவே ஒரு துவக்கைக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு இரண்டாவதையும் கொடுக்க மனமில்லை.

நவம்பரில் தொடங்கினார். குளிர்காலத்தில் கிளை வெட்டப் போகிறவர்களின் வானிலேயே அவரும் போவார். தோட்டத்து மூலையில் ஒரு குளம். அதன் கரையில் தழையால் மறைப்புக் கட்டி, தூண்டில்காரர்களின் மடக்குக் கதிரையைப் போட்டு, அதில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மழை பெய்தது. மான் வரவில்லை. நவம்பர் முழுவதும் வரவில்லை.

"கஸ்பர் அண்ணை, வந்ததே?" திரும்பும் வழியில் யோகராஜா கேட்டார்.

"வரும்."

"எப்ப, வாற கோடையிலோ? அண்ணை, இஞ்ச மானுக்குத் தண்ணி விடாய்ச்சால் வாயைத் திறந்து மேல பாத்தால் போதும்!"

வானில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா வால்தம்ஸ்டோ வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் அடுத்த சனிக்கிழமை குளத்தடிக்குப் போகவில்லை. குளம்புத் தடங்களைத் தேடி நடந்தார். வடக்குக் காட்டிலிருந்து மான்கள் களிமண் தோண்டியெடுத்த பெரிய பள்ளமான ஒரு பழைய கிடங்குக்குள் இறங்கி, முட்பற்றைகளுக்குள் மேய்ந்து, பிறகு கன்றுகளுக்கு ஏறுகின்றன என்று கண்டுபிடித்தார்.

கன்றுகளுக்குப் பக்கத்தில் தரை மறைப்புக் கட்டப்போனபோது திருமதி விட்லொக் தடுத்தார். "மிஸ்டர் கஸ்பர், இது சமதரை. அந்தப் பக்கம் நடைபாதை. உங்கள் குண்டு மானைத் தவறவிட்டால் யாருடைய நாயைத் தேடிப் போகும்? நாயைப் பிடித்திருக்கிறவரைத் தேடினால்?" அவருடைய கணவர் ஓக் மரத்தில் சாத்திக் கட்டிய இரும்புப் பரண் ஒன்று நின்றது. சுடுவதென்றால் அதிலிருந்துதான்.

அப்பா பரணில் ஏறினார். சரியாக மடங்காத காலை ஒவ்வொரு படியாக இழுத்து ஏறினார். காலையில் மான் வந்தது, இடப்பக்கமாக. அவர் திரும்பியபோது கால் இரும்பில் அடித்தது. மான் போய்விட்டது. அதைவிட மோசம், அவரால் இறங்க முடியவில்லை. யோகராஜா வந்து கீழே நின்று கையை விரித்தார்.

"குதியுங்கோ அண்ணை, நான் பிடிக்கிறன்."

"நீ முதல்ல உன்ர வயித்தைப் பிடி."

தோட்டத்து ஏணியைக் கொண்டுவந்துதான் இறக்கினார்கள்.

நான் கட்டடப் பொறியியலாளராக வேலை தொடங்கியிருந்த காலம். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா பெர்னடெற் கோபத்தில் இருந்தா. "லைசன்ஸைக் குடுத்திட்டு சும்மா இருங்கோ. இந்த வயசில மரத்தில ஏறுற மனுசன்."

அப்பா தேநீர்க் கோப்பையோடு என் பக்கம் திரும்பினார். என்னைக் கேட்டார். "பிள்ளை, பரண் எதுக்கு?"

மான் அண்ணாந்து பார்ப்பது குறைவு, மனித மணம் அதன் தலைக்கு மேலால் போய்விடும், குண்டு கீழ்நோக்கிப் போய் மண்ணில் புதையும் என்றேன்.

"விட்லொக் கேக்கிறது கடைசியைத்தானே?"

"ஓம். அவவுக்கு வேண்டியது உயரமில்லை அப்பா. சரிவு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நான் ஏறத் தேவையில்லை. மான் இறங்கினால் போதும்."

களிமண் கிடங்கு. இருவருக்கும் ஒரே நேரத்தில் அது நினைவுக்கு வந்தது.

ஜனவரியில் நான் கோணமானியில் நூல் கட்டி, நுனியில் ஈயக்குண்டு தொங்கவிட்டு, கிடங்கின் விளிம்பிலிருந்து சரிவை அளந்தேன். கிழக்கு விளிம்பு பரணைவிட நல்ல கோணம் தந்தது. எதிரே களிமண் சுவர். மணத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துத் தட்டினார். அரிசிமா. "வறுக்காதது. வறுத்தது மணக்கும்." மேல்காற்று மாவைக் கிடங்கிலிருந்து எங்கள் முகத்துக்குக் கொண்டுவந்தது. இந்தப் பக்கம் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான்.

கிழக்கு விளிம்பில் தழை மறைப்புக் கட்டி, திருமதி விட்லொக்கை அழைத்து உள்ளே மடக்குக் கதிரையில் இருத்தினோம். "எங்கேயாவது வானம் தெரிகிறதா பாருங்கள்" என்றேன். தழை மறைப்பின் இடைவெளியால் நெடுநேரம் பார்த்தார்.

"சேறுதான் தெரிகிறது."

"குண்டுக்கும் அதுதான் தெரியும்."

"தரையில் ஒரு பரண்," என்றார். "என் கணவர் பார்த்தால் சிரித்திருப்பார். பிறகு தானும் ஒன்று கட்டியிருப்பார்." சம்மதித்தார். ஆனால் கெடுவை நீட்டவில்லை.

பெப்ரவரி அப்பாவைச் சோதித்தது. கிழக்கிலிருந்து வீசும் கீழ்காற்று நிற்கவேயில்லை. மா கிடங்குப் பக்கம் பறந்தால் கதிரையை மடக்கிக்கொண்டு திரும்பிவிடுவார். "ஒருக்கால் மணந்தால் பிறகு அந்தப் பக்கம் வராது" என்பார். கடைசிச் சனிக்கிழமை காற்று மாறியது. நான் பின்னால் படுத்திருந்தேன். விடிந்து சற்று நேரத்தில் பெண்மான்கள் வரிசையாகக் கிடங்குக்குள் இறங்கின. அப்பா நீட்டிய காலை அசைக்கவில்லை. அசைக்க வேண்டியும் இருக்கவில்லை. ஒரு வெடி. முதல் மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. மற்றவை கலையாமல் திகைத்து நின்றன. இன்னொரு வெடி. மிச்சம் காட்டுக்குள் பாய்ந்தன.

அப்பா எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டார். பிறகு தோட்டம் முழுவதும் கேட்கக் கூவினார். அப்படி ஒரு சத்தத்தை அவரிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை. யோகராஜா வானை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணை! ரெண்டோ! எனக்கு எது பங்கு?"

"உனக்குக் கொம்பு."

"பெண்மானுக்குக் கொம்பில்லையே அண்ணை."

"அதுதான்."

அடுத்த புதன் விபூதிப் புதன். தவக்காலத்துக்குள் இறைச்சி கிடக்கக்கூடாது என்று அம்மா சுட்ட அன்றே சட்டியை அடுப்பில் ஏற்றினா. பரணைப் பற்றிப் பேசிய வாய் இப்போது மிளகு போதாது என்றது. மன்னார் வழக்கப்படி முதல் தொடை நிலத்துச் சொந்தக்காரருக்கு. மற்றவை வானில் வந்த ஒவ்வொரு வீட்டுக்கும். யோகராஜாவுக்கு ஈரலும் போனது.

திருமதி விட்லொக் திங்கட்கிழமை தொலைபேசியில் அழைத்தார். தொடையை எத்தனை மணி நேரம் அவிக்க வேண்டும் என்று கேட்டார். வைக்கும் முன், "கழகத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் காட்டு மான்கள் கன்றுகளின் பக்கம் அதிகம் வரவில்லை. வந்தவற்றை அப்பா கிடங்கின் விளிம்பில் பார்த்துக்கொண்டார், ஒவ்வொரு குளிர்காலமும், போன பெப்ரவரி வரை.

அடக்கம் முடிந்த வாரம் பொலிஸ்காரர் ரைபிளை எடுத்துப்போக வந்தார். சட்டம் அப்படி. இரும்புப் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். உள்ளே அரிசிமாப் போத்தல் இருந்தது. அதை நான் வைத்துக்கொண்டேன். மன்னாரில் அப்பா தன் துவக்கைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். இதை உயிரோடு இருந்தவரை அவரிடமிருந்து ஒருவராலும் வாங்க முடியவில்லை.