திருத்தங்கலில் நின்ற மத்தாப்பு வண்டி

தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு நாரணாபுரத்திலிருந்து கிளம்பினோம். போக வேண்டிய இடம் விருதுநகர், பதினெட்டு மைல். பதினெட்டு மைலுக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். இதைவிடத் தூரமெல்லாம் போய் வந்திருக்கிறேன். எதுவும் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

வண்டி, என் மாமா பழையதாக வாங்கிய பிக்கப். முன்னால் மாமா, டிரைவர், நான்; பின்னால் அறுபது பெட்டி கம்பி மத்தாப்பு. மாமா சொந்த லேபிள் ஒட்டி அனுப்பும் முதல் லோடு. மழை விடாததால் சரக்குக் காயவே நாளாகி, மற்ற கம்பெனிகளின் பெட்டிகளெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு எங்களுடையது கிளம்பியது. விருதுநகர் லாரி ஷெட்டிலிருந்து மூன்று மணிக்கு மதராஸ் லாரி. அதைப் பிடித்தால் அங்கே ஒரு கடைக்காரர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். அடுத்த லாரி இரண்டு நாள் கழித்துத்தான். அது போய்ச் சேர்வதற்குள் ஊரே வெடித்து முடித்திருக்கும். அடுத்த சீசன் வரை வைத்திருக்க மாமாவிடம் ஒழுங்கான கிடங்கு கிடையாது. ஈரம் குடித்துக் கம்பி துருப்பிடித்துவிடும்.

வண்டியில் இருபது நாளாக ஒரு சத்தம். ஓடும்போது இல்லை, வேகம் குறைந்தால், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி கடகடவென்று அடிக்கும். தெருமுனையில் திரும்பும்போதே அத்தைக்குக் கேட்டுவிடும். மாமா வந்தாயிற்று என்று வாசலுக்கு வந்துவிடுவாள்.

12.40. திருத்தங்கல் ரயில்வே கேட் அடைத்திருந்தது. எஞ்சினை அணைத்தால் மறுபடி ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும் என்பதால் டிரைவர் மாடசாமி அணைக்கவில்லை. நின்ற வண்டி அடிக்கத் தொடங்கியது. நான் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் புத்தகம் ஒன்றை இரண்டு தடவை படித்திருந்தேன். இறங்கிப் பானெட்டைத் தூக்கிக் காதை வைத்துக் கேட்டேன். பேரிங் போய்விட்டது, இப்படியே ஓட்டினால் வழியிலுள்ள ஆமத்தூரைத் தாண்டுவதற்குள் எஞ்சின் இறுகி நடுரோட்டில் நின்றுவிடும் என்றேன்.

"ஓடுறப்ப சத்தமே இல்லையே தம்பி," என்றார் மாடசாமி. "பேரிங்குன்னா ஏத்தத்துலல்லா கத்தும்?"

நான் விடவில்லை. லேபிள் தாளின் பின்பக்கத்தில் பேரிங்கைப் படமே போட்டுக் காட்டினேன். மாமா படத்தைப் பார்த்தார், மாடசாமியைப் பார்த்தார்.

"படிச்ச பிள்ள சொல்லுது. பாத்துட்டே போயிருவோம்."

12.55. கேட்டைத் தாண்டி இரண்டு பர்லாங்கில் ஒரு மெக்கானிக் கொட்டகை. மெக்கானிக் பின்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். எஞ்சின் பக்கமே வரவில்லை.

"மொதல்ல பெட்டியெல்லாம் எறக்குங்க. லோடு இருக்க வண்டியில ஸ்பேனர் வைக்க மாட்டேன்."

இந்தப் பக்கத்தில் இதற்கு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. இரும்பில் இரும்பு பட்டால் பொறி. நாங்களே பட்டறையில் பித்தளைச் சாமானைத் தவிர வேறு எதையும் தொட விடுவதில்லை. ரோட்டுக்கு அந்தப் புறம் நூறடி தள்ளிப் பாய் விரித்து அடுக்கினோம். இழுக்கக் கூடாது, போடக் கூடாது. ஒரு பெட்டிக்கு இரண்டு பேர். மாமாவும் தூக்கினார். முப்பதாவது பெட்டியில் மாடசாமி என்னிடம், "இதெல்லாம் அந்தப் புத்தகத்துல போட்டிருந்துச்சா தம்பி?" என்று கேட்டார்.

1.50. மெக்கானிக் ஒரு நீளக் குச்சியை எஞ்சின் மேல் அங்கங்கே ஊன்றி மறுமுனையில் காதை வைத்தார். மின்விசிறி பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். சத்தம் இருந்தது. டைனமோவை முறுக்கினார். இருந்தது. நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னேன். அவர் அடுத்த போல்ட்டைத் தட்டிப் பார்த்தார்.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்க் குந்தினார். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சைலன்ஸர் வாயை அழுத்தினார். சத்தம் நின்றது. கையை எடுத்தார். வந்தது.

சைலன்ஸர் வாயில் வலை வைத்த ஒரு தகர மூடி. புகையோடு பொறி பறந்து மத்தாப்பில் விழுந்துவிடக் கூடாதே என்று மாமா தானே செய்து மாட்டியது. மாட்டி இருபது நாள். எங்கள் ஊரில் வேலிப் படல், சைக்கிள் கேரியர் எல்லாவற்றையும் கட்டுகிற மத்தாப்புக் கம்பியாலேயே அதையும் கட்டியிருந்தார். சூட்டில் கம்பி தளர்ந்துவிட்டது. ஓடும்போது புகையின் வேகம் மூடியை இறுக்கித் தள்ளிப் பிடித்தது. நின்றால் மூடி ஆடியது.

"யாரு கட்டுனது?"

"நாந்தான்," என்றார் மாமா.

"நல்ல காரியந்தான் அண்ணாச்சி. கம்பியத்தான் மாத்திருக்கணும்."

ஒரு பட்டைத் தகடு, ஒரு போல்ட். ஐந்து நிமிஷ வேலை.

2.20க்கு மறுபடி ஏற்றத் தொடங்கினோம். ஒரு பெட்டிக்கு இரண்டு பேர். கடைசிப் பெட்டி ஏறியபோது மணி மூன்று பத்து. மாடசாமி ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார்.

3.50. விருதுநகர் ஷெட்டில் லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை ஈரமாக இருந்தது. "உங்க பெட்டிக்கு எடம் விட்டு வச்சிருந்தாக. மூணரை வரைக்கும் பாத்துட்டுத்தான் போனாக," என்றார் குமாஸ்தா. மதுரை ரோட்டில் விரட்டிப் பிடிக்கட்டுமா என்று மாடசாமி கேட்டார். மத்தாப்பை வைத்துக்கொண்டு விரட்டக் கூடாது என்று மாமா தலையை ஆட்டிவிட்டார். பதினைந்து பைசா டீ மூன்று வாங்கினேன்; மூன்றும் ஆறிப் போயின. எங்களுக்கு எதிரே வண்டி அணைக்காமல் நின்றது.

"சத்தம் சுத்தமா நின்னு போச்சுல்லா மாப்ள," என்றார் மாமா. குத்தலே இல்லை அதில். குத்தியிருந்தால் தேவலை.

5.30. நாரணாபுரம். போகும்போது இருந்த அதே அறுபது பெட்டிகளோடு தெருமுனையில் திரும்பி வீட்டு முன்னால் நின்றோம். அத்தை வெளியே வரவில்லை. மாமா இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. வண்டி சத்தமில்லாமல் நின்றதால் உள்ளே அவள் பக்கத்து வீட்டம்மாளிடம் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"இந்நேரம் நம்ம பெட்டியெல்லாம் மதுரையத் தாண்டியிருக்கும்."