தலைக்கு மேல் தெளிக்க மாட்டேன்

உத்திரமேரூர் பக்கம் நாலு ஊருக்கு ட்ரோனில் மருந்தடிப்பவள் தமிழ்ச்செல்வி. பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, பைலட் சான்றிதழ் வாங்கியவள். அவள் ட்ரோனுக்குப் பதிவெண் உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, எந்த நாள் எங்கே பறந்தது என்று அதிலேயே பதிவாகும். பொம்பளை ஓட்டுவாளா என்று ஊரே சிரித்தபோது, நம்பி முதலில் வயலைக் கொடுத்தவள் செல்லம்மாள். அந்த நன்றி இவளுக்கு இன்னும் உண்டு.

அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு முந்தின வாரம் விழாக்குழுத் தலைவர் ஏகாம்பரம் வந்தார்.

"தமிழு, கலசத் தண்ணிய உன் ட்ரோன்ல ஊத்தி ஜனங்க மேல தெளிச்சு வுடு."

"இன்னாண்ணா பேசறீங்க? அது பூச்சிமருந்து ஊத்தற டேங்க்கு!"

"மஞ்சத்தண்ணி வுட்டுக் கழுவிக்கலாம். அம்மா பாத்துக்குவா."

தமிழ்ச்செல்விக்கு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. பூச்சியைக் கொல்கிற விஷம் மஞ்சளுக்குப் பயந்து ஓடுமா? கூட்டத்துக்கு மேலே பறக்கவே கூடாது, விழுந்தால் மண்டை உடையும், என் சான்றிதழும் போகும் என்று தொண்டை வறளச் சொன்னாள். "ரொம்பத்தான் ரூல்ஸ் பேசற" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார் மனுஷன்.

போனவர் சும்மா இருந்தாரா? கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்ரீகாந்தைப் பிடித்தார். அவன் ட்ரோனுக்குப் பதிவெண் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அதில் கலசத் தண்ணி நிரப்பிய சொம்பைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேலே கருடன் வட்டம் போட, ஜனம் மொத்தமும் கை கூப்பி அண்ணாந்து பார்த்தது. அந்த நேரம் பார்த்துச் சொம்பு ஆடி, ட்ரோன் கவிழ்ந்து, செல்லம்மாள் நெற்றியில் விழுந்தது. ஒன்பது தையல்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஏகாம்பரம் கொஞ்சமும் கூசாமல் கேட்டார்: "உன்துக்கு இன்சூரன்ஸ் கீதில்ல? உன் ட்ரோன்தான் வுழுந்துச்சுன்னு சொல்லிடு தமிழு. ஆஸ்பத்திரி செலவு வந்துரும்."

"பொய் சொன்னா என் சான்றிதழ் போவும். அப்புறம் எங்க வூட்டு அடுப்பை நீங்களா வந்து பத்த வப்பீங்க?"

கட்டிலிலிருந்து செல்லம்மாள் முனகினாள்: "சொல்லிடேன்டி. அன்னிக்கே நீ ஒத்துக்கினு இருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?"

தமிழ்ச்செல்விக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செய்தவனை விட்டுவிட்டு, கூடாது என்று சொன்னவளைப் பிடிக்கிறார்களே!

"நான் ஒத்துக்கினு இருந்தா நெத்தியில தையல் இருக்காதுக்கா. கண்ணுல பூச்சிமருந்து இருந்திருக்கும். உனக்கு மட்டுமில்ல, கைக்குழந்தைங்களுக்கும்."

செல்லம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "இனி என் வயலுக்கு வராத."

தமிழ்ச்செல்விக்கு முதலில் கிடைத்த வயலே போயிற்று. ஆனாலும் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். தன் ட்ரோன் நேற்று வீட்டை விட்டு நகரவில்லை என்ற பதிவைக் காட்டிப் புகார் எழுதினாள். ட்ரோன் விட்டவன் பெயரைத்தானே முதலில் எழுதணும் என்றார் ஏட்டு.

"இல்ல சார்" என்று ஏகாம்பரம் பெயரை எழுதி, அதற்குக் கீழேதான் ஸ்ரீகாந்த் பெயரை எழுதினாள்.