பாதி விலைக்குப் பச்சை மீன்

மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நோட்டீசைக் கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்து, அடியில் எறும்பு சாரை போல ஓடும் பொடி எழுத்துகளைத்தான் சித்ரா முதலில் படிக்கிறாள். மேலே பெரிதாகப் போட்டிருப்பதை ஊரே படிக்கும். விஷயம் கீழேதான் இருக்கும் என்பது அவள் கட்சி. “விதிமுறைக்கு உட்பட்டதுன்னு போட்டிருக்கான்ல, அது என்ன விதின்னு கேக்கணும். கேட்டாத்தான் சொல்லுவான்.”

பிறந்தது ஒக்கூர். வயது நாற்பத்தாறு. காரைக்குடியில் பத்தொன்பது வருடமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பேக்கரியில் இரவு எட்டுக்கு மேல் பாதி விலைக்கு வரும் முட்டை பப்ஸ், ஆடி மாதத்துச் சேலை, இரண்டு வாங்கினால் மூன்றாவது இலவசமாகும் சோப்பு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. தன் ஆயுளில் முழு விலைக்கு வாங்கியது கல்யாணச் சேலை ஒன்றுதான் என்பாள். “அதுவும் எங்கப்பா எடுத்தது. நான் போயிருந்தா கொறைச்சிருப்பேன்.”

வெளியில் பார்த்தால் சாதுவான பெண்பிள்ளை. காரில் ஏறிச் சாவியைத் திருகியதும் ஆள் மாறிப்போவாள். கிளட்சை விடாதீக, கண்ணாடியைப் பாருங்க, எதுக்கு இப்படி முறுக்குறீக என்று அவள் போடும் சத்தத்தில், தெருவில் படுத்திருக்கும் நாய்கள் கார் வருவதற்கு முன்பே எழுந்து ஓரம் கட்டிவிடும். மனதில் ஒன்றும் கிடையாது. பாடம் முடிந்ததும் அதே வாயால் சிரித்து, கற்க வந்தவளுக்கு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுப்பாள்.

அந்தச் சத்தத்துக்கு ஒருத்தர் மட்டும் பழகவில்லை. நாச்சியம்மை ஆச்சிக்கு வயது ஐம்பத்தெட்டு. கணவர் இல்லை, மகள் சிங்கப்பூரில். வீட்டில் நல்ல கார் நிற்கிறது. கூப்பிட்ட நேரத்துக்கு டிரைவர் வருவதில்லை. பிள்ளையார்பட்டிக்குப் போக நினைத்த நேரத்தில் தானே எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது ஆச்சியின் ஆசை. தெருவில் நன்றாகத்தான் ஓட்டினார். ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை வண்டி பாதியில் நின்றுபோயிற்று. மூன்றாவது தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் சித்ராவுக்குப் போன் செய்து, நாளைக்கு வரவில்லை, இனி எப்போதும் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

சித்ராவின் கையில் அப்போது ஒரு நோட்டீஸ் இருந்தது. கல்லூரிச் சாலையில் புதிதாகத் திறந்திருந்த ஜப்பான் சாப்பாட்டுக் கடையினுடையது. திறப்பு மாதத்தில், மாலை ஆறு முதல் ஏழரை வரை, பாதி விலை. இருவராக வந்தால்தான் செல்லும் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவள் கணவன் ஈஸ்வரன் மாலை ஆறு மணிக்குச் சோறு தின்கிற ஜாதி இல்லை. ஆச்சியைக் கூட்டிப்போனால் சலுகையும் கிடைக்கும், பேசி மனதையும் மாற்றலாம். தைரியம், விடாமுயற்சி எல்லாம் வருகிற மாதிரி ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு, வான்நீலச் சேலை கட்டிக் கிளம்பினாள். ஆச்சி மறுக்கவில்லை. சிங்கப்பூரில் சாப்பிட்டது, நாக்கு கேட்கிறது என்றார்.

உள்ளே வெளிச்சம் மங்கல். மேசைகள் வழவழவென்று இருந்தன. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் சமையற்காரர் உள்ளங்கையில் சோற்றை வைத்து, பிறந்த குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்து, மேலே மெல்லிய மீன் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தார். மேற்பார்வை பார்க்கும் சுபா என்ற பெண் வந்து ஒவ்வொன்றாக விளக்கினாள். சித்ராவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

“அடுப்பே பத்த வைக்கலை. வேக வச்ச மீனை விட இதுக்கு எதுக்கு வெலை கூட?”

கேட்டுச் சொல்கிறேன் என்று போன சுபா அதன் பிறகு அந்தப் பக்கமே வராமல் பார்த்துக்கொண்டாள்.

தட்டும், பிடித்துத் தின்ன இரண்டிரண்டு மரக்குச்சிகளும் வந்தன. கையாலேயே எடுத்துச் சாப்பிடலாம் என்று பரிமாறியவர் சொன்னார். சித்ரா கேட்கவில்லை. குச்சியும் இந்த விலைக்குள்தானே என்று எடுத்தாள். முதல் துண்டு, தொட்டுக்கொள்ள வைத்திருந்த கருப்புச் சாற்றில் விழுந்து சேலையில் தெறித்தது. இரண்டாவது மேசைக்கு அடியில் போனது. மூன்றாவதில் மீன் தனியாகவும் சோறு தனியாகவும் கழன்றன. அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எதிரே ஆச்சி, மகளின் இரண்டு பேறுகாலத்துக்கும் சிங்கப்பூரில் மாதக்கணக்கில் இருந்தவர், அலுங்காமல் ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. தன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, சித்ராவின் விரல்களைப் பிடித்து இடம் மாற்றி வைத்தார்.

“கீழ்க்குச்சி சும்மா கெடக்கட்டும். மேல உள்ளது மட்டும் அசையட்டும்.”

“கை நடுங்குது ஆச்சி.”

“நடுங்கட்டும். நான் ஒண்ணும் சத்தம் போடலையே.”

ஆச்சி குத்திக்காட்டிச் சொல்லவில்லை, இயல்பாகத்தான் சொன்னார். ஆனால் சித்ரா கொண்டுவந்திருந்த பேச்சு முழுவதும் தொண்டையிலேயே கரைந்துவிட்டது. பத்தொன்பது வருடத்தில் எத்தனை பேரின் கை இப்படி நடுங்கியிருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது. தான் ரொம்பவும் சத்தம் போடுகிறோமா என்று மெதுவாகக் கேட்டாள்.

“கோவிலூரு வரைக்கும் கேக்கும்” என்றார் ஆச்சி. “டெஸ்டுல நீ பக்கத்துல இருக்க மாட்டே. ஆனாலும் ஒன் சத்தம் காதுக்குள்ள கேக்குது. கேட்டதும் கிளட்சுலேருந்து காலு தன்னால எடுபட்டுருது, வண்டி நின்னுருது.”

சித்ரா முதலில் விழித்தாள், பிறகு சிரித்தாள். ஆச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்கு வாயைத் திறக்க மாட்டேன், வருவீகளா என்று கேட்டாள். ஆச்சி மிச்சமிருந்த கடைசித் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

“இதைக் கீழ போடாமத் தின்னு. வாரேன்.”

அப்போது மணி ஏழு இருபது. ஏழரைக்குச் சலுகை முடிகிறது என்பது சித்ராவுக்குத் தெரியும். ஆனால் அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. துண்டு ஒரு முறை வழுக்கியது, விழவில்லை. மறுமுறை பாதி உயரத்தில் நின்று, அவள் கூடவே நடுங்கியது. ஆச்சி மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். தூரத்தில் நின்ற சுபாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு வாய்க்குள் போனதும் சித்ரா கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றாள்.

நல்லா இருக்கா என்று ஆச்சி கேட்டார்.

“மீன் ருசியே தெரியலை ஆச்சி. கீழ விழாம உள்ள போயிருச்சு, அது போதும்.”

மறுநாள் காலை ஆச்சி ஓட்ட, அவர் காரிலேயே இருவரும் தேர்வு மைதானத்துக்குப் போனார்கள். வழி நெடுக சித்ரா வாயில் ஏலக்காயைப் போட்டு அதக்கிக்கொண்டு வந்தாள். திருச்சி சாலைத் திருப்பத்தில் மட்டும் தொண்டையைச் செருமினாள். ஆச்சி ஓரக்கண்ணால் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். ஆய்வாளர் ஏறி உட்கார, வண்டி புறப்பட்டது, திரும்பியது, பின்னுக்கு வந்தது, எங்கும் நிற்காமல் கோட்டுக்குள் வந்து நின்றது. ஆச்சி இறங்கி, தேறிவிட்டீர்கள் என்று ஆய்வாளர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடப் போனார்.

சித்ரா காரின் பின்பக்கம் போய், கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்பு ‘எல்’ எழுத்தை நகத்தால் மெல்ல உரித்து எடுத்தாள். பசை மட்டும் போகவில்லை. அதைத் தன் சேலைத் தலைப்பால், வாயால் ஊதி ஊதி, நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.