கவுடி இல்லாத குக்ரி

என் சித்தப்பா ஹர்கபீர் விஸ்வகர்மா போஜ்பூர் மலைச்சரிவில் குக்ரி என்கிற வளைந்த கத்தி அடிக்கிறவர். ரேகை அழிந்த விரல்கள், கொஞ்சம் மந்தமான இடது காது, ஒரு நாளைக்கு ஒன்பது தேநீர். அதற்கு மேல் அவரைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை, அந்தத் தசைன் பண்டிகை வரும்வரை.

ஊர்ப் பலிக்கான பெரிய குக்ரியை அந்த வருடம் ஊர்த்தலைவர், முக்கியா தம்பர் கார்க்கி, அவரிடம் அடிக்கச் சொல்லியிருந்தார். கடா ஒரே வெட்டில் விழ வேண்டும். விழாவிட்டால் ஊருக்கு ஆகாத வருடம். பழி கத்தி அடித்தவன் தலையில். கொல்லர் சாதி என்பதால் கார்க்கி வீட்டுப் படியை நாங்கள் மிதித்ததில்லை. எங்கள் கத்தி மட்டும் அவர்கள் சாமி அறை வரைக்கும் போகும்.

தவறு என்னால் நடந்தது. நான் பி.ஏ. தேறிவிட்டேன் என்று தரான் நகரத்திலிருந்து போன் செய்தபோது அவர் இரும்பை அரத்தால் இழைத்துக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அரத்தைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி, கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரும்பியவர், விட்ட இடம் மறந்து, நேரே உலையில் வைத்துக் காய்ச்சி, கெட்டில் மூக்கால் கூரின் மேல் தண்ணீர் ஊற்றிப் பதம் ஏற்றிவிட்டார். பிடியும் போட்டாயிற்று.

பண்டிகையின் ஏழாம் நாள் காலை நான் ஊருக்குப் போய் இறங்கியபோது, சித்தி ஐதமாயா அதைத் துணியால் துடைத்தபடி கேட்டாள்: "ஏங்க, இதுக்குக் கவுடி எங்க?"

பிடிக்குச் சற்று மேலே, கூர் தொடங்குமுன், எல்லாக் குக்ரியிலும் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அதுதான் கவுடி. இதில் இல்லை. மொழுக்கென்று இருந்தது.

சித்தப்பா விரலால் தடவினார். மறுபடி தடவினார். "இருந்துச்சே."

"இருந்ததை எலி தின்னுடுச்சா?"

மத்தியானம் கத்தியை வாங்கக் கார்க்கி வருகிறார். புதிதாக அடிக்க நேரமில்லை. இப்போதே அரம் போட்டு வெட்டலாமா? அதைச் சொல்ல, கவுடி எதற்காக இருக்கிறது என்று தெரிய வேண்டும். நாற்பது வருடமாக வெட்டுகிறவருக்கு அது தெரியவில்லை.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் பல் குத்திக்கொண்டே சொன்னார்: "ரத்தம் பிடிக்கு வழியாம அங்கேயே சொட்டிரும். இதுகூடத் தெரியாமலா இத்தனை நாள் அடிச்ச?"

"அப்ப இப்ப வெட்டினாலும் சரிதானே, தாஜு?" அண்ணன் முறை வைத்துச் சித்தப்பா கேட்டார்.

"தாராளமா."

வழியில் போன பண்டிதர் நின்றார். "அது சிவனோட சூலம்டா. பதம் ஏத்துறதுக்கு முன்னாடி வெட்டணும். அப்புறம் தொட்டா பாவம்."

"போன வருஷம் பசுக் குளம்புன்னு சொன்னீங்களே, பாஜே?" பண்டிதரைச் சித்தி விடவில்லை.

"அதுவும்தான்."

"படிச்சவன் நீ சொல்லு" என்று சித்தப்பா என்னிடம் வந்தார். எங்கோ வாசித்திருந்தேன்: கூரில் விழும் விரிசல் பிடிவரை ஓடாமல் அது தடுக்குமாம். சொன்னேன்.

"அப்ப கவுடி இல்லேன்னா உடையுமா?"

"உடையலாம்."

"இப்ப வெட்டினா?"

"அதுலயும் உடையலாம்."

அவர் பார்த்த பார்வையில் என் பட்டம் பாதி தேய்ந்தது.

கார்க்கி வந்தார். "என்னடா ஹர்கே, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி முழிக்கிற?"

சித்தப்பா மறைக்கவில்லை. இரு கையாலும் நீட்டினார். "முக்கியா, இதுல கவுடி இல்ல. மறந்துட்டேன்."

கார்க்கி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லாட்டி என்ன ஆகும்?"

"அதைத்தான் காலையிலேர்ந்து ஊரெல்லாம் கேக்குறேன்."

"சரி, என் கண்ணு முன்னால வெட்டு."

அரத்தை வைத்து இழுத்தார். கீச்சென்று வழுக்கியது. பலிக் கத்தியாயிற்றே என்று பிடிவரைக்கும் பதம் ஏற்றியிருந்தார். பதம் ஏறிய இரும்பு அரத்துக்கு இடம் கொடுக்கவில்லை. மறுபடி காய்ச்சி இளக்கினால் வெட்டலாம், ஆனால் கூரின் பதம் போய்விடும். அரத்தைக் கீழே வைத்தார்.

"முடியாது முக்கியா. இதைக் கெடுக்க எனக்குக் கை வரல. வெட்டும். அது மட்டும் தெரியும்."

"வெட்டலேன்னா?"

"அடுத்த தசைனுக்கு வேற ஆளைப் பாருங்க."

கார்க்கி குக்ரியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் சித்தப்பா சோற்றைப் பிசைந்ததோடு சரி.

ஒன்பதாம் நாள் ஐந்து கடா, ஐந்து வெட்டு. கூட்டத்தின் கடைசியில் நின்ற சித்தப்பா, ஐந்தாவது விழுந்த பிறகே மூச்சு விட்டார்.

பண்டிகை முடிந்த வாரமே நான்கு பேர் வந்தார்கள். கவுடி இல்லாத குக்ரிதான் வேண்டுமாம். அது பைரவருக்கு உகந்தது என்று பண்டிதர் சொல்லிவிட்டாராம்.

சித்தப்பா என்னை ஓரமாக இழுத்தார். "கவுடி இருந்தா சிவன், இல்லாட்டி பைரவர். பைரவரும் சிவன்தானே?"

"ஆமா."

"அப்ப நான் என்னத்த வெட்டணும், என்னத்த விடணும்?"



நான்கையும் அடித்தார். நான்கிலும் கவுடி வெட்டினார். வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். "காரணம் கேக்காதீங்கப்பா, எனக்கே தெரியாது," என்றார். "அது இல்லாத கத்தி வெளிய போயிருந்தப்போ எனக்குச் சோறு இறங்கல. இன்னொரு தடவை என்னால ஆகாது."

இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். சித்தப்பா அன்றைக்குப் பத்தாவது தேநீர் கேட்டார்.