"சீக்கிரம் வந்துடும், அங்கிள்"

சில வருஷங்களுக்கு முன்னால், சிங்கப்பூரில் ஆங் மோ கியோ பகுதியில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான்; அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த என்னை வாடகைக்கு இருப்பவள் என்று அவர்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆன்ட்டி சமைத்தால் எனக்கும் சேர்த்துத்தான்.

என் வேலை ஆராய்ச்சிக்கூடத்தில். கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து, தங்களைச் சுற்றி வழவழப்பாக ஒரு படலம் கட்டிக்கொள்ளும். காலையில் பல் தேய்க்கும் முன் நாக்கில் தட்டுப்படுமே, அந்த மாதிரி. உள்ளே புகுந்துகொண்டால் ஆன்டிபயாட்டிக்கால் லேசில் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. ஆறாத புண்களில் இது பெரிய தொல்லை. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடும் பொருளை அதன்மேல் விட்டால், கிருமிகள் படலத்தைக் கலைத்துக்கொண்டு வெளியே வரும். அப்போது மருந்து கொடுத்தால் சாகும். இதைத்தான் கண்ணாடித் தட்டுகளில் சோதித்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் சோதனை அருமையாக வந்தது. மைக்ரோஸ்கோப்பில் எடுத்த முதல் படத்தில் தட்டு முழுக்கப் பச்சையாகப் படலம். வாயு விட்ட பிறகு எடுத்த அடுத்ததில் அங்கங்கே சில புள்ளிகள். சந்தோஷம் தாங்காமல் சாப்பாட்டு மேசையில் போனில் அங்கிளிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். பெருமையோடு அனுப்பினேன்.

அங்கிளுக்குச் சர்க்கரை. இடது கால் பெருவிரலில் புண் இருந்தது. பக்கத்து அரசு மருத்துவமனையான பாலிகிளினிக் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வருவார். கேட்டால், ஆறிட்டு வருது லா என்பார். நானும் அதற்குமேல் கேட்டதில்லை. நாள் முழுக்கப் புண்களில் வளரும் கிருமிகளைப் பற்றிப் படிப்பவள், எதிரே உட்கார்ந்து சாப்பிடுபவரின் காலை ஒருதரம்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு மூவரும் தேக்கா சந்தைக்குப் போனோம். ஆன்ட்டி மீன் வாங்க உள்ளே போய்விட்டார்; நாங்கள் இருவரும் அங்கே ஒரு கடையில் உட்கார்ந்தோம். அங்கிளுக்குச் சீனி போடாத தேநீர், எனக்குக் காப்பி. நான் போனில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருந்தபோது, "உன் மருந்து எப்பம்மா வெளிய வரும்?" என்று கேட்டார்.

"சீக்கிரம் வந்துடும், அங்கிள்" என்றேன்.

தட்டில் வேலை செய்வது மனித உடம்பில் வேலை செய்யுமா, பாதுகாப்பானதா என்று பார்க்கவே பல வருஷம் ஆகும், வராமலேகூடப் போகலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் அவர் என்னை அப்படி மதிப்போடு பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஏன் கேட்கிறீங்க என்றுகூட நான் கேட்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, வேலையில் இருந்தபோது ஆன்ட்டி அழுதுகொண்டே கூப்பிட்டார். அங்கிளுக்குக் குளிர்காய்ச்சல், நினைவு தடுமாறுகிறது, ஆம்புலன்ஸில் போய்க்கொண்டிருக்கிறோம் என்றார். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அறுவை சிகிச்சைக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். கிருமி எலும்புக்குள் இறங்கிப் பாதம் முழுக்கப் பரவிவிட்டது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் முன்பே விரலை மட்டும் எடுத்துவிடச் சொல்லியிருந்தாராம் டாக்டர். அங்கிள் அதை ஆன்ட்டியிடம் சொல்லவேயில்லை. முதலில் யோசிக்கிறேன் என்று தள்ளிப்போட்டவர், அப்புறம் புது மருந்து ஒன்று வருகிறது, வெட்ட வேண்டாம் என்று டாக்டரிடம் போனில் ஏதோ படம் காட்டியிருக்கிறார். இதையெல்லாம் டாக்டர் சொல்லித்தான் ஆன்ட்டிக்கே தெரிந்தது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம் சொல்லிவிட்டு, "அது என்ன படம்மா?" என்று கேட்டார். கோபமில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். என் போனைத் திறந்து காட்டினேன். பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

நான்காம் நாள் அங்கிள் தனியாக இருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அது தட்டில் மட்டும்தான், மனிதர்களுக்கு எப்போது வரும் என்று எனக்கே தெரியாது, அன்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம் லா" என்றார். அவ்வளவுதான்.

இப்போது வேறு பகுதியில், பொங்கோலில் இருக்கிறேன். மாதம் ஒருமுறையாவது அவர்களைப் போய்ப் பார்ப்பேன். செயற்கைக் காலோடு அடுக்குமாடிக்குக் கீழே உள்ள காப்பிக்கடை வரை நடக்கிறார். என் சாப்பாடு, ஊர், கல்யாணம் எல்லாம் விசாரிப்பார். வேலையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

இன்றைக்கு யார் என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டாலும், 'இன்னும் தெரியாது' என்றுதான் ஆரம்பிக்கிறேன்; அந்த இரண்டு வார்த்தையை அன்று சொல்லியிருந்தால், அந்த மனிதர் ஒரு விரலை மட்டும் இழந்து தப்பித்திருப்பார்.